புற்றுநோயின் பின்னரான மறதியும் டொனெபெசில் ஆய்வும்

புற்றுநோயிலிருந்து மீண்டோர் பலர், சிகிச்சை முடிந்த பின்னரும் ஞாபக மறதியாலும் கவனக் குறைவாலும் அவதியுறுகின்றனர். மூளைக்கு அளிக்கப்படும் கதிர்வீச்சும் இரசாயன சிகிச்சையும் இதற்குக் காரணமாகலாம். அடுப்பில் வைத்ததை மறப்பதையும், பழகியவரின் பெயர் நாவில் வராது தடுமாறுவதையும் வயதின் கோளாறென வீட்டார் ஒதுக்கிவிடுவதுண்டு. அது பெருந்தவறாகும்.

இம்மறதிக்கு மருந்து தேடிய ஆய்வாளர்களின் கவனத்தை ஈர்த்தது டொனெபெசில் ஆகும். நினைவாற்றலுக்குத் துணைபுரியும் அசெற்றைல்கோலினைச் சிதைக்கின்ற கோலினெஸ்தரேஸ் என்னும் நொதியத்தை இது தடுக்கின்றது. அல்சைமர் நோய்க்கென 1996இல் அமெரிக்காவில் அங்கீகரிக்கப்பட்ட இம்மருந்து, புற்றுநோயைக் குணப்படுத்தும் மருந்தன்று என்பதை வாசகர்கள் மனங்கொள்ள வேண்டும்.

அமெரிக்காவின் வேக் ஃபொரெஸ்ட் பல்கலைக்கழகத்தினர் 2006இல் வெளியிட்ட ஆய்வில், மூளைக் கட்டிக்காகக் கதிர்வீச்சுப் பெற்ற 24 பேர் 24 வாரங்கள் இதனை உட்கொண்டு முன்னேற்றம் கண்டனர். நம்பிக்கை துளிர்த்தது. ஆயினும், மருந்து பெறாத வேறொரு குழுவுடன் அவர்கள் ஒப்பிடப்படவில்லை. ஒரே பரீட்சைக்கு மீண்டும் தோற்றுபவர் பழக்கத்தினாலேயே கூடுதல் புள்ளி பெறக்கூடுமல்லவா?

அக்குறை 2015இல் வெளியான ஆய்வில் நிவர்த்தி செய்யப்பட்டது. 198 பேரில் ஒரு சாராருக்கு டொனெபெசிலும், மறுசாராருக்கு மருந்துச் சத்தற்ற குளிசையும் வழங்கப்பட்டன. மொத்தப் புள்ளிகளில் குறிப்பிடத்தக்க வேறுபாடு தென்படவில்லை. எனினும், சில நினைவாற்றல் சோதனைகளிலும் கைவேகத்திலும் மருந்து பெற்றோர் சற்று மேம்பட்டனர். ஆரம்பத்திலேயே பாதிப்பு அதிகமாயிருந்தோருக்குப் பயனும் அதிகமாயிருந்தது. மார்பகப் புற்றுநோய்க்கு இரசாயன சிகிச்சை பெற்ற 276 பெண்களிடம் நடத்தப்பட்டு 2024இல் வெளியான ஆய்விலோ, நினைவாற்றல் மேம்பட்டதாகக் காணப்படவில்லை.

இம்முடிவுகள் ஏமாற்றமளிப்பினும் பயனற்றவையல்ல. குமட்டல், வயிற்றோட்டம், நாடித்துடிப்புக் குறைதல் ஆகியவற்றை உண்டாக்கக்கூடிய ஒரு மருந்தை வீணே உட்கொள்வதினின்றும் அவை நோயாளரைக் காக்கின்றன. முதல் ஆய்வின் நற்செய்தியை மட்டும் கேள்வியுற்று மருந்துக்கடையை நாடுவது ஆபத்தானது என்பதே எமது கருத்தாகும்.

மறதி பற்றி வைத்தியரிடம் தயங்காது கூறுதல் வேண்டும். நித்திரையின்மை, மனச்சோர்வு, இரத்தசோகை, தைரொயிட் குறைபாடு போன்றவையும் மறதியை ஏற்படுத்தலாம். இவற்றுக்குச் சிகிச்சை உண்டு. மீண்டு வந்தவரின் முறைப்பாட்டை நம்பிச் செவிமடுப்பது குடும்பத்தினரின் கடமையென நாம் வலியுறுத்துகின்றோம்.