தமிழில் தேடுபொறி உகப்பாக்கம்

தமிழில் தேடுபொறி உகப்பாக்கம் என்பது தமிழில் எழுதப்படும் இணையப் பக்கங்களைத் தேடுபொறிகள் சரியாகப் படித்து, அட்டவணைப்படுத்தி, தேடுவோருக்குக் காட்டுவதற்கு ஏற்றவாறு எழுதும் முறையும் பக்கங்களை அமைக்கும் முறையும் ஆகும். வலைப்பதிவு, செய்தித்தளம், வணிகத்தளம், கலைக்களஞ்சியம் ஆகிய எல்லாவற்றுக்கும் இது பொருந்தும். தமிழில் இதன் அடிப்படைச் சிக்கல்களுள் மூன்று முதன்மையானவை: எழுத்துக் குறியேற்றம், வேற்றுமை உருபு ஏற்கும்போது வடிவம் மாறும் சொற்கள், ஒரே இடத்துக்கோ பொருளுக்கோ வழங்கும் பல பெயர்கள். இவற்றைத் தீர்க்கும் வழிகளுள் பெரும்பாலானவை வாசகருக்கும் பயன்படுபவை.

இக்கட்டுரையின் எடுத்துக்காட்டுகள் சென்னையின் மயிலாப்பூர், தியாகராய நகர், அடையாறு ஆகிய பகுதிகளிலிருந்து எடுக்கப்பட்டுள்ளன. இப்பகுதிகளின் இடப்பெயர்கள் பல வடிவங்களில் வழங்குவதால் மேற்கூறிய சிக்கல்களை இவற்றில் தெளிவாகக் காணலாம்.

தேடுபொறி செயற்படும் முறை

தேடுபொறி மூன்று படிகளில் செயற்படுகிறது. முதலில் அதன் நிரல், இணைப்புகளைப் பின்தொடர்ந்து ஒரு பக்கத்திலிருந்து மற்றொரு பக்கத்துக்குச் சென்று உரையைச் சேகரிக்கிறது. அடுத்து, எந்தச் சொல் எந்தப் பக்கங்களில் வருகிறது என்ற அட்டவணையை உருவாக்குகிறது. இது நூல்களின் இறுதியில் காணப்படும் சொல்லடைவை ஒத்தது. மூன்றாவதாக, ஒருவர் சொல்லைத் தட்டச்சு செய்யும்போது, பொருந்தும் பக்கங்களை வரிசைப்படுத்திக் காட்டுகிறது.

1998 இல் நிறுவப்பட்ட கூகுள், ஒரு பக்கத்துக்கு வேறு எந்தெந்தப் பக்கங்கள் இணைப்புக் கொடுத்துள்ளன என்பதை அதன் மதிப்பைக் கணிக்கும் அளவுகோலாகப் பயன்படுத்தியது. பின்னர் பக்கத்தின் உள்ளடக்கம், திறக்கும் வேகம், கைப்பேசியில் படிக்கும் வசதி முதலிய பல கூறுகள் சேர்ந்தன. எனினும் முதலிரண்டு படிகளில் தவறிய பக்கம் மூன்றாம் படிக்கு வருவதில்லை. தமிழ்ப் பக்கங்கள் நெடுங்காலம் தவறியது இவ்விடத்திலேயே ஆகும்.

வரலாறு

எழுத்துருக் காலம்

1990களில் தமிழ் இணையத்தளங்களுக்குப் பொதுவான குறியேற்றம் இருக்கவில்லை. இதழ்களும் தளங்களும் தத்தமக்கெனத் தனி எழுத்துருக்களைப் பயன்படுத்தின. ஆங்கிலத்துக்கும் ஐரோப்பிய மொழிகளுக்கும் ஒதுக்கப்பட்ட குறியீட்டு எண்களின் மேல் தமிழ் எழுத்து வடிவங்கள் ஏற்றப்பட்டன. உரிய எழுத்துருவைத் தரவிறக்கி நிறுவியவருக்கே அப்பக்கம் தமிழாகத் தெரிந்தது. ஏனையோருக்கும், தேடுபொறிக்கும், அது பொருளற்ற குறிகளின் தொகுப்பாகவே இருந்தது. தமிழ்ச் சொல்லைக் கொண்டு அப்பக்கத்தைத் தேடிக் கண்டுபிடிக்க இயலவில்லை.

இக்குழப்பத்தை நீக்க முயற்சிகள் மேற்கொள்ளப்பட்டன. தன்னார்வலர்கள் மின்னஞ்சல் வழியே கலந்துரையாடித் திஸ்கி குறியேற்றத்தை உருவாக்கினர். 1998 பொங்கல் நாளில் தொடங்கப்பட்ட மதுரைத் திட்டம் இதில் பல இலக்கியங்களை மின்னூல்களாக வெளியிட்டது. 1999 பெப்ரவரியில் சென்னையில் நடைபெற்ற தமிழிணைய மாநாட்டைத் தொடர்ந்து, தமிழ்நாடு அரசு தாப், தாம் ஆகிய குறியேற்றங்களையும் தமிழ்99 விசைப்பலகையையும் அறிவித்தது. எனினும் இக்குறியேற்றங்கள் ஒன்றுக்கு மேற்பட்டு இருந்ததால் தேடல் சிக்கல் தீரவில்லை.

ஒருங்குறிக் காலம்

1991 இல் வெளிவந்த ஒருங்குறியின் முதற்பதிப்பிலேயே தமிழுக்கு இடம் இருந்தது. விண்டோசு 2000, விண்டோசு எக்சுபி ஆகிய இயங்குதளங்கள் தமிழ் ஒருங்குறியை ஆதரிக்கத் தொடங்கிய பின்னர் அதன் பயன்பாடு பரவியது. எ-கலப்பை, சென்னையின் நியூ ஹொரைசன் மீடியா நிறுவனம் இலவசமாக வழங்கிய என்.எச்.எம். ரைட்டர் முதலிய மென்பொருள்கள் தட்டச்சை எளிதாக்கின. 2003 செப்டம்பரில் தொடங்கிய தமிழ் விக்கிப்பீடியாவும் அக்காலத்தில் பெருகிய வலைப்பதிவுகளும் ஒருங்குறியில் எழுதப்பட்டன. தமிழ்நாடு அரசு 2010 இல் ஒருங்குறியை ஏற்று ஆணை பிறப்பித்தது.

2004 இல் தொடங்கிய தமிழ்மணம் போன்ற திரட்டிகள் புதிய இடுகைகளை ஒரே இடத்தில் காட்டின. திரட்டியின் முகப்பில் ஓர் இடுகை சிறிது நேரமே நிற்கும் என்பதால், ஆவலைத் தூண்டும் தலைப்புகளை இடும் வழக்கம் பரவியது. அன்றைய வாசகருக்கு அத்தலைப்புப் போதுமானதாக இருந்தது. ஆனால் இடுகையின் பொருள் தலைப்பில் இல்லாததால், சில ஆண்டுகளுக்குப் பின் அதே செய்தியைத் தேடுவோர் அதைக் கண்டடைவது கடினமானது. எழுதுபவரை ஏற்கனவே அறிந்த வாசகர், ஒரு கேள்வியுடன் பின்னாளில் வரும் வாசகர் என இரு வகையினர் உண்டு. தேடுபொறி உகப்பாக்கம் இரண்டாம் வகை வாசகரை முன்னிறுத்துகிறது.

பின்னைய மாற்றங்கள்

பக்கத்தின் நிரலில் மறைவாக இடப்படும் குறிச்சொற்களைத் தரவரிசைக்குப் பயன்படுத்துவதில்லை எனக் கூகுள் 2009 இல் அறிவித்தது. 2011 இல் அறிமுகமான பாண்டா என்னும் மாற்றம், தரம் குறைந்த உள்ளடக்கத்தைத் திரளாக வெளியிட்ட தளங்களைப் பின்னுக்குத் தள்ளியது. 2017 இல் குரல்வழித் தேடல் தமிழுக்குக் கிடைத்தது. 2018 இல் கூகுளின் ஆட்சென்சு விளம்பரச் சேவை தமிழ்ப் பக்கங்களை ஏற்கத் தொடங்கியதால், தமிழில் எழுதி வருவாய் ஈட்டும் வழியும், வருவாய்க்காகவே எழுதப்படும் பக்கங்களும் பெருகும் நிலையும் ஒருங்கே தோன்றின.

தமிழுக்கு உரிய சிக்கல்கள்

பெயர் வேறுபாடு

மயிலாப்பூர் என்னும் பகுதிக்கு மயிலை, திருமயிலை ஆகிய பெயர்களும் உண்டு. பறக்கும் தொடர்வண்டி நிலையத்தின் பெயர் திருமயிலை. அங்குள்ள கோயில் கபாலீசுவரர் கோயில், கபாலீஸ்வரர் கோவில், கபாலீச்சரம் எனப் பலவாறு எழுதப்படுகிறது. தியாகராய நகர், தி. நகர், டி. நகர் என்பன ஒன்றே. அங்குள்ள ரங்கநாதன் தெருவுக்குத் தொடர்வண்டியில் வருவோர் இறங்க வேண்டிய நிலையத்தின் பெயரோ மாம்பலம். சௌந்தரபாண்டியன் அங்காடி என்னும் பெயரைக் காட்டிலும் பாண்டி பசார் அல்லது பாண்டி பஜார் என்பதே மக்கள் வழக்கில் மிகுதி.

எழுதுபவர் ஒரு வடிவத்தையும் தேடுபவர் மற்றொன்றையும் பயன்படுத்தினால் இருவரும் சந்திக்காமற் போகலாம். இதற்குத் தீர்வு, கட்டுரையின் தொடக்கத்தில் முதன்மைப் பெயரையும் மாற்றுப் பெயர்களையும் ஒருமுறை இயல்பாகக் குறிப்பிடுவதாகும். விக்கிப்பீடியாவில் மாற்றுப் பெயர்களுக்கு வழிமாற்றுப் பக்கங்கள் அமைக்கப்படுகின்றன.

சொல் வடிவ மாற்றம்

தமிழில் பெயர்ச்சொற்கள் உருபு ஏற்கும்போது அவற்றின் ஈறு மாறுகிறது. 'குளம்' என்பது 'குளத்தில்', 'குளத்துக்கு' என்றாகிறது. கணினி நோக்கில் இவற்றுள் பொதுவாக எஞ்சுவது 'குள' என்னும் பகுதி மட்டுமே. 'மயிலாப்பூர்' என்ற சொல்லின் இறுதியில் ரகரமும் புள்ளியும் உள்ளன. 'மயிலாப்பூரில்' என்பதில் அப்புள்ளியின் இடத்தில் இகரக் குறியீடு வருகிறது. ஆகவே எழுத்துக்கு எழுத்து ஒப்பிடும் எளிய தேடல், முதற்சொல்லைக் கொண்டு இரண்டாவதைக் கண்டுபிடிக்காது.

கூகுள் 2019 இன் இறுதியில், சொற்றொடரின் சூழலைக் கருத்திற்கொள்ளும் பெர்ட் மொழி மாதிரியைத் தமிழ் உட்படப் பல மொழிகளின் தேடலில் இணைத்தது. எனினும் ஒரு தளத்தின் உள்ளே அமைந்த தேடற்பெட்டி எளிய ஒப்பீட்டையே செய்யக்கூடும். எனவே தலைப்பிலும் உட்தலைப்புகளிலும் முக்கியப் பெயர்களை உருபு ஏற்காத வடிவில் ஒருமுறையேனும் எழுதுவது நன்று.

ஒத்துத் தோன்றும் எழுத்துகள்

கண்ணுக்கு ஒன்றாகத் தெரியும் எழுத்துகள் கணினிக்கு வேறாக இருக்கலாம். 'சௌந்தரபாண்டியன்' என்பதன் முதலெழுத்தைச் சகரத்துடன் ஔகாரக் குறியீட்டைச் சேர்த்து எழுத வேண்டும். சிலர் 'செ' என்னும் எழுத்தையும் ளகரத்தையும் அடுத்தடுத்து இடுவர். ஔகார உயிரெழுத்தும் இவ்வாறே ஒகரமாகவும் ளகரமாகவும் பிரித்து எழுதப்படுவதுண்டு. திரையில் வேறுபாடு எளிதில் புலப்படாவிடினும் இரண்டும் வெவ்வேறு சொற்களாகவே அட்டவணையில் சேரும். பழைய எழுத்துருவிலிருந்து ஒருங்குறிக்கு மாற்றிய உரைகளில் இப்பிழையைச் சரிபார்ப்பது இன்றியமையாதது.

பக்க முகவரி

ஒருங்குறியில் ஒரு தமிழ்க் குறியீடு பொதுவாக 3 பைட்டுகளில் சேமிக்கப்படுகிறது. இணைய முகவரியில் ஒவ்வொரு பைட்டும் விழுக்காட்டுக் குறியுடன் 3 எழுத்துருக்களாக விரியும். 'மயிலாப்பூர்' என்ற சொல்லில் 11 குறியீடுகள் உள்ளதால் அது முகவரியில் 99 எழுத்துருக்களாக நீளும். மின்னஞ்சலில் ஒட்டும்போது இத்தகைய நீண்ட முகவரி உடையக்கூடும். இதனால் பலர் முகவரியை மட்டும் சுருக்கமாக ஆங்கில எழுத்துகளில் அமைக்கின்றனர். தமிழ் முகவரியையும் தேடுபொறிகள் படிக்கும் என்பதால் இது வசதி சார்ந்த தேர்வே.

எழுதும் முறை

நவராத்திரிக் காலத்தில் மயிலாப்பூர் வடக்கு மாட வீதியில் கொலு பொம்மைக் கடைகள் அமைவது வழக்கம். இதுபற்றி எழுதப்படும் ஒரு பக்கத்தைக் கொண்டு பொதுவான நெறிகளைப் பின்வருமாறு விளக்கலாம்.

• தலைப்பு: 'ஓர் இனிய மாலை' என்பதைவிட 'மயிலாப்பூர் வடக்கு மாட வீதி: கொலு பொம்மைக் கடைகள்' என்பது பொருளை உணர்த்தும். தேடல் முடிவுகளில் நீண்ட தலைப்பின் பிற்பகுதி வெட்டப்படும் என்பதால் முக்கியச் சொற்கள் முன்னே வர வேண்டும்.
• முதற்பத்தி: எங்கே, எப்போது, என்ன என்ற கேள்விகளுக்கான விடை இங்கேயே இடம்பெற வேண்டும். வரலாறும் அனுபவமும் பின்னர் வரலாம்.
• வாசகரின் சொல்: 'பதுமை' என்று எழுத விரும்பினாலும், தேடுபவர் தட்டச்சு செய்வது 'பொம்மை' ஆகும். கலைச்சொல்லையும் வழக்குச்சொல்லையும் ஒருங்கே தருதல் நலம்.
• உட்தலைப்பு: விலை, நேரம், செல்லும் வழி எனப் பிரித்தால் வாசகர் வேண்டிய பகுதிக்கு நேரே செல்ல இயலும். தேடுபொறியும் பகுதிகளின் பொருளை அறியும்.
• படம்: விலைப்பட்டியலைப் படமாக மட்டும் இட்டால் பார்வையற்றோரின் திரைபடிப்பான் அதைப் படிக்க இயலாமற் போகலாம். தேடுபொறியும் அதை உறுதியாக அறிய இயலாது. உரையாகவும் தருவதுடன், படத்துக்கு மாற்று உரை சேர்க்க வேண்டும்.
• இணைப்பு: 'இங்கே சொடுக்கவும்' என்பதற்கு மாறாக, இணைக்கப்படும் பக்கத்தின் பொருளையே இணைப்புச் சொல்லாக்க வேண்டும்.
• நேரடி அறிவு: கடைகளுக்குச் சென்று பார்த்தவர் தரும் விவரம், பிற பக்கங்களைத் தொகுத்து எழுதியதில் இராது. ஒரு பக்கத்துக்கு மற்றவர் இணைப்புக் கொடுக்கக் காரணமாவது பெரும்பாலும் இத்தகைய விவரமே.

தவிர்க்க வேண்டியவை

ஒரே சொல்லை அளவுக்கு மீறித் திணிப்பது பரவலான தவறாகும். 'மயிலாப்பூர் கொலு பொம்மை வாங்க மயிலாப்பூர் கொலு பொம்மைக் கடைகளில் சிறந்த மயிலாப்பூர் கொலு பொம்மை' என்பது போன்ற தொடர் வாசகரை விலகச் செய்யும். கூகுளின் நெறிமுறைகளும் இதனை முறையற்ற செயலாக வகைப்படுத்துகின்றன. பிறர் எழுதியதை அனுமதியின்றிப் படியெடுத்து இடுதல், இணைப்புகளை விலைக்கு வாங்குதல், பின்னணி நிறத்திலேயே எழுத்துகளை மறைத்து வைத்தல் ஆகியனவும் இவ்வகையினவே. ஆங்கிலப் பக்கத்தை இயந்திரத்தால் மொழிபெயர்த்துத் திருத்தாமல் திரளாக வெளியிடுவதும் இதனுள் அடங்கும்.

இற்றைப்படுத்தல்

தேடுபொறி பழைய பக்கங்களையும் காட்டுவதால், காலத்தால் மாறும் தகவல்கள் வாசகரைத் தவறாக வழிநடத்தலாம். பாண்டி பசாரில் 2019 நவம்பரில் நடைபாதை வளாகம் திறக்கப்பட்டது. சாலையோரம் வண்டி நிறுத்துவது பற்றி அதற்கு முன் எழுதப்பட்ட குறிப்புகள் இன்றைய நிலைக்குப் பொருந்தா. ஆண்டுதோறும் நாள் மாறும் விழாக்களுக்கும் இது பொருந்தும். கபாலீசுவரர் கோயிலின் பங்குனிப் பெருவிழாவில் எட்டாம் நாள் அறுபத்துமூவர் விழா நடைபெறும் என்பது நிலையான தகவல். அது ஆங்கில நாட்காட்டியின் எந்த நாளில் வரும் என்பது மாறக்கூடியது. எனவே 'இந்த ஆண்டு', 'அண்மையில்' என எழுதுவதைத் தவிர்த்து ஆண்டைக் குறிப்பிட வேண்டும். திருத்திய நாளையும் பக்கத்தில் காட்டலாம்.

முக்கியத்துவம்

தேடலின் முதல் பக்கத்தில் எது நிற்கிறது என்பது சில பொருள்களில் வணிகத்துக்கு அப்பாற்பட்ட விளைவுகளைக் கொண்டது. அடையாற்றில் முத்துலட்சுமி ரெட்டியின் முயற்சியால் 1954 இல் நிறுவப்பட்ட புற்றுநோய் மருத்துவமனைக்குத் தமிழ்நாட்டின் பல மாவட்டங்களிலிருந்தும் நோயாளிகள் வருகின்றனர். தமிழ் மட்டும் படிக்கத் தெரிந்த ஒரு குடும்பத்தினர் 'கேன்சர்' என்றோ 'புற்றுநோய்' என்றோ தேடும்போது, பொறுப்புடன் எழுதப்பட்ட தமிழ்ப் பக்கம் இல்லையெனில், அவ்விடத்தை ஆதாரமற்ற மருந்துக் குறிப்புகள் நிரப்பக்கூடும். நோயைக் கண்டறிந்து சிகிச்சை தொடங்குவதில் ஏற்படும் காலதாமதம் உயிருக்கு ஆபத்தாகலாம். மருத்துவம், நிதி போன்ற துறைகளில் எழுதுபவரின் தகுதியையும் நம்பகத்தன்மையையும் கூடுதலாகக் கருத்திற்கொள்ள வேண்டும் என்று கூகுளின் தர மதிப்பீட்டு வழிகாட்டி கூறுவது இக்காரணத்தாலேயே ஆகும்.

2024 முதல் கூகுள் பல நாடுகளில் தேடல் முடிவுகளின் மேற்பகுதியில் செயற்கை நுண்ணறிவு ஆக்கும் சுருக்க விடைகளைக் காட்டத் தொடங்கியது. இதனால் மூலப் பக்கத்துக்கு வரும் வாசகர் எண்ணிக்கை குறையலாம் என்ற கவலை எழுத்தாளரிடையே உள்ளது. எனினும் இச்சுருக்கங்களும் இணையத்தில் ஏற்கனவே உள்ள உரையையே சார்ந்துள்ளன. தமிழில் சரியான குறியேற்றத்துடன், தெளிவான பெயர்களுடன், நேரடி அறிவைக் கொண்டு எழுதப்படும் பக்கங்கள் குறைந்தால், தமிழில் கேட்கப்படும் கேள்விகளுக்குக் கிடைக்கும் விடைகளின் தரமும் குறையும்.