வளைந்து கொடுத்த குழாய்



நீரடைப்பு என்னும் நோயைப் பற்றி வீட்டுப் பெரியவர்களின் பேச்சிலேனும் நீங்கள் கேள்விப்பட்டிருப்பீர்கள். சிறுநீர்ப்பை நிரம்பிவிடும், வழியோ அடைபட்டிருக்கும். கல் வந்து அடைப்பதாலும், முதுமையில் புராஸ்டேட் என்னும் சுரப்பி வீங்குவதாலும், முதுகுத் தண்டில் அடிபடுவதாலும் இது நேரும். நோயாளி படும் வேதனை சொல்லி முடியாது. கவனியாது விட்டால் சிறுநீரகம் கெட்டு, உயிருக்கே இறுதி நேரிடும். அப்போது கைகொடுப்பது ஒரு குழாய். மருத்துவர்கள் அதனைக் கதீட்டர் என்பர். ‘கீழே இறக்குவது’ என்று பொருள்படும் கிரேக்கச் சொல் அது. இன்று உடலினுள் உப்புநீரும் மருந்தும் உணவும் செலுத்தும் குழாய்கள் பல வந்துவிட்டன. அவற்றுக்கெல்லாம் மூத்ததான இந்த வடிகுழாயின் கதையையே நான் சொல்லப் போகிறேன்.

குழாய்தானே, அதற்கென்ன வரலாறு என்று எண்ணிவிடாதீர்கள். ஆணின் உடலில் சிறுநீர் வெளிவரும் வழி ஏறத்தாழ 20 சென்டிமீட்டர் நீளமுடையது. இரண்டு இடங்களில் வளைவது. அதன் உட்சுவர் மிக மெல்லியது. விறைப்பான குழாயைச் செலுத்தினால் சுவர் கிழியும். மென்மையான குழாயைச் செலுத்தினாலோ அது முன்னேறாமல் துவளும். இரண்டாயிரம் ஆண்டுகளாகக் குழாய் செய்தவர்களையெல்லாம் அலைக்கழித்த முடிச்சு இதுதான்.

உரோமாபுரியில் முதல் நூற்றாண்டில் மருத்துவ நூல் எழுதிய செல்சஸ், மருத்துவன் ஐந்து வெண்கலக் குழாய்கள் வைத்திருக்க வேண்டும் என்கிறார். ஆண்களுக்கு 15, 12, 9 விரற்கடை நீளத்தில் மூன்று. பெண்களுக்கு 9, 6 விரற்கடை நீளத்தில் இரண்டு. கி.பி. 79-இல் வெசுவியஸ் எரிமலை புதைத்த பாம்பேயி நகரை அகழ்ந்தபோது, இத்தகைய குழாய்கள் கிடைத்தன. ஆண்களுக்குரிய குழாய், பாம்பு நெளிவதுபோல் இரு முறை வளைந்திருக்கிறது. அதை வார்த்த கன்னான் உடலின் வழியை நன்கு அறிந்தவனாகத்தான் இருந்திருக்க வேண்டும். நம் நாட்டுச் சுசுருத சங்கிதையும் குழல் வடிவான கருவிகளை நாடி யந்திரம் என்று பெயரிட்டு, அவற்றில் இருபது வகை உண்டு என்று கூறுகிறது. சீனத்தில் ஏழாம் நூற்றாண்டு மருத்துவர் சுன் சிமியாவ் உலோகத்தையே நாடவில்லை. வெங்காயத்தாளின் நுனியைக் கிள்ளிவிட்டு, அதை உள்ளே செலுத்தி, வாயால் மெல்ல ஊதும்படி எழுதினார். மென்மையான குழாய் என்ற எண்ணம் அவ்வளவு பழமையானது. ஆனால் வெங்காயத்தாளை எத்தனை பேருக்கு, எத்தனை நாளைக்குப் பயன்படுத்த முடியும்?

இனி 1752-ஆம் ஆண்டுக்கு வருவோம். அந்த ஆண்டில் பெஞ்சமின் பிராங்க்ளின் இடிமின்னலில் பட்டம் விட்ட செய்தியைப் பாடநூலில் படித்திருப்பீர்கள். அதே ஆண்டின் இறுதியில் அவர் செய்த மற்றொரு வேலையைப் பாடநூல்கள் சொல்வதில்லை. பாஸ்டன் நகரில் வாழ்ந்த அவருடைய தமையனார் ஜான், கல்லடைப்பு நோயால் துன்புற்றுக் கொண்டிருந்தார். வளையக்கூடிய குழாய் ஒன்று கிடைக்குமா என்று அவர் கேட்டிருந்தார். பிலடெல்பியாவில் இருந்த தம்பிக்கு ஒரு யோசனை தோன்றியது. அதைக் கடிதத்தில் எழுதினால் அண்ணனுக்கு விளங்குமோ விளங்காதோ என்று ஐயுற்று, நேரே வெள்ளி வேலை செய்யும் தட்டாரிடம் சென்றார். குழாய் முடியும்வரை பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார். அந்தத் தபாலிலேயே அனுப்பியும் வைத்தார்.

டிசம்பர் 8-ஆம் தேதியிட்ட அந்தக் கடிதம் இன்றும் இருக்கிறது. குழாய் ஒருவகைத் திருகுபோல் அமைந்தது. வழியின் வளைவுக்கு ஏற்ப வளையும். வெளியே இழுக்கும்போது அதன் பருமன் குறையும். விறைப்புப் போதாவிட்டால் உள்ளே ஒரு கம்பியை வைத்துக்கொள்ளலாம். குழாயின் முன்பகுதி முன்னேற முன்னேறக் கம்பியைச் சிறிது சிறிதாக உருவிவிடலாம். வெள்ளியின் இடுக்குகள் உடம்பை உறுத்தாதிருக்க, மெல்லிய குடல்தோலைப் படிகாரமும் உப்பும் கரைத்த நீரில் ஓர் இரவு ஊறவைத்து, அதனைக் குழாய்மேல் உறையாகப் போர்த்திக் கட்டும் முறையையும் எழுதியிருக்கிறார். புதிய கருவி எதுவும் பழகப் பழகத்தான் கைவரும், பழக்கமே திருத்தங்களையும் காட்டும் என்று ஒரு குறிப்பும் உண்டு. உள்ளே விறைப்பு, வெளியே மென்மை, தேவை தீர்ந்ததும் விறைப்பை நீக்குதல் ஆகிய மூன்றும் அக்குழாயில் கூடியிருந்தன. இன்று இதயத்தின் இரத்தக் குழாய்களுக்குள் செல்லும் கருவிகளும் கம்பியைத் துணைகொண்டே வழி காண்கின்றன. பட்டத்தைவிட இக்குழாயில்தான் பிராங்க்ளினின் கைத்திறன் மிகுதியாக வெளிப்படுகிறது என்பது என் கருத்து. ஜான் 1756-இல் காலமானார். முதுமையில் பெஞ்சமினையும் அதே கல்நோய் பிடித்தது.

முடிச்சை அவிழ்க்க ஏற்ற பொருள் ரப்பர். ஆனால் பதப்படுத்தாத ரப்பர் உடம்பின் சூட்டில் இளகும்; பிசுபிசுக்கும். கந்தகம் சேர்த்துக் காய்ச்சும் முறைக்குச் சார்லஸ் குட்இயர் 1844-இல் உரிமை பெற்ற பிறகே அது மருத்துவனுக்குப் பயன்பட்டது. பாரிஸ் மருத்துவர் நெலட்டான் அந்த ரப்பரில் செய்த சிவப்புக் குழாய் விரைவில் பரவிற்று. அதே நகரில் அறுவைக் கருவிகள் செய்துவந்த சாரியேர், குழாய்களின் பருமனுக்கு ஓர் அளவுமுறை வகுத்தார்: மில்லிமீட்டரில் மூன்றில் ஒரு பங்கு ஓர் அலகு. ‘பதினாறாம் எண் குழாய்’ என்று செவிலியர் இன்று கேட்டால், ஐந்தேகால் மில்லிமீட்டருக்குச் சற்றே மிகுந்த பருமன் என்று கணக்கிட்டுக் கொள்ளலாம்.

உள்ளே போகும் சிக்கல் ஒருவாறு தீர்ந்தது. உள்ளே தங்கும் சிக்கல் எஞ்சியிருந்தது. மென்மையான குழாய் எளிதில் போகும். அவ்வளவு எளிதில் வழுக்கி வெளியே வந்தும் விடும். நாடாவால் கட்டினார்கள், தோலோடு சேர்த்துத் தைத்தும் பார்த்தார்கள். அமெரிக்காவின் மின்னசோட்டாவைச் சேர்ந்த பிரடரிக் போலி என்ற மருத்துவர், புராஸ்டேட் அறுவைக்குப் பின் பெருகும் இரத்தத்தை அழுத்தி நிறுத்துவதற்காக, 1929-இல் குழாயின் முனையருகே ஒரு சிறு பலூனை அமைத்தார். குழாய்க்குள் இரண்டு வழிகள்: பெரியது சிறுநீர் வடிவதற்கு; மெல்லியது பலூனுக்குள் நீரைச் செலுத்துவதற்கு. உள்ளே சென்றபின் பலூனை நிரப்பினால், அது சிறுநீர்ப்பையின் வாயில் தக்கைபோல் நிற்கும். நீரை உறிஞ்சிவிட்டால் குழாய் எளிதில் வெளிவரும். இரத்தத்தை நிறுத்தப் பிறந்த பலூன் குழாயைத் தாங்கி நிறுத்தும் வேலையில் புகழ்பெற்றது. 1935-இல் தம் குழாயைச் சிறுநீரியல் வல்லுநர்களின் சங்கத்தில் போலி காட்டினார். காப்புரிமை கேட்டு விண்ணப்பித்தபோதோ, டாவல் ரப்பர் கம்பெனியைச் சேர்ந்த பால் ரெய்ஷ் முந்திக்கொண்டிருந்தார். மேல்முறையீட்டில் போலி வென்றார், நீதிமன்றத்தில் ரெய்ஷ் வென்றார், மறுவிசாரணை கிடைக்கவில்லை. உரிமை ஒருவருக்கும் பெயர் மற்றவருக்குமாகப் பிரிந்தன. உலகெங்கும் மருத்துவமனைகளில் இன்று அது ‘போலி கதீட்டர்’ என்றே வழங்குகிறது.

அதே 1929-இல் ஜெர்மனியின் எபர்ஸ்வால்டே நகரில், வெர்னர் போர்ஸ்மன் என்ற இளம் மருத்துவர், மேலதிகாரி தடுத்தும் கேளாமல், தம் கையின் சிரை வழியே ஒரு குழாயைச் செலுத்தி, எக்ஸ்-கதிர் அறைக்கு நடந்து சென்று, அதன் முனையை இதயத்துக்குள் தள்ளிப் படமெடுத்துக் கொண்டார். 1956-இல் நோபல் பரிசில் அவர் பங்கு பெற்றார். அவர் பயன்படுத்தியதும் சிறுநீர்க் குழல்களுக்கென்று செய்யப்பட்ட கதீட்டரே.

போலியின் பலூனால் ஒரு தீங்கும் விளைந்தது. குழாய் தங்கினால் கிருமியும் தங்கும். உள்ளே வைத்த ஒவ்வொரு நாளும் நூற்றில் மூன்று முதல் ஏழு பேரின் சிறுநீரில் புதிதாகக் கிருமி தோன்றுகிறது. ஒரு மாதத்தில் ஏறக்குறைய எவரும் தப்புவதில்லை. கிருமிகள் குழாயின் சுவரில் பாசிபோல் படலம் கட்டி வாழ்கின்றன. மருந்து அப்படலத்தை ஊடுருவுவது அரிது. சில கிருமிகள் சிறுநீரைக் காரமாக்கிக் குழாயினுள் கல்லைப் படியவைத்து அடைத்தும் விடுகின்றன. கல்லுக்கு வைத்த குழாயிலேயே கல்! காற்றுப் புகாத பையோடு குழாயை இணைக்கும் முறை பெரிதும் உதவிற்று. வெள்ளி கிருமியைக் கொல்லும் என்பதால் வெள்ளிக் கலவை பூசிய குழாய்களும் வந்தன. பிரிட்டனில் 24 மருத்துவமனைகளில் 7,000-க்கும் மேற்பட்டவர்களைக் கொண்டு நடத்திய ஆய்வின் முடிவு 2012-இல் வெளிவந்தது. சில நாட்களே குழாய் வைத்திருந்தவர்களிடம், நோய்த்தொற்றைத் தடுப்பதில் அந்தப் பூச்சு பயன் தரவில்லை.

இதற்கு நாற்பது ஆண்டுகள் முன்பே, மிச்சிகன் பல்கலைக்கழகத்தின் ஜாக் லாபிடஸ் வேறொரு வழி கண்டிருந்தார். சிறுநீர்ப்பை அளவுக்கு மீறி நிரம்பித் தங்குவதே கிருமிக்கு இடந்தருகிறது என்பது அவர் வாதம். ஆகவே குழாயை உள்ளே வைத்திருக்க வேண்டா. சில மணிக்கொரு முறை நோயாளியே செலுத்தி, நீரை வடித்து, உடனே எடுத்துவிடலாம். சோப்பு நீரால் கழுவினால் போதும் என்று 1972-இல் எழுதினார். கிருமி நீக்காத குழாயா என்று பலர் திகைத்தனர். ஆனால் முதுகுத் தண்டுக் குறையுடன் பிறந்த குழந்தைகள் பலரின் சிறுநீரகங்களைக் காத்தது அந்த முறைதான். அவர்கள் பள்ளிக்கூடத்து இடைவேளையில் தாமே அதைச் செய்து கொண்டு வகுப்புக்குத் திரும்பும் அளவுக்கு அது எளிதாயிற்று. அதற்குப் பலூன் வேண்டுவதில்லை. ஒற்றை வழி கொண்ட நேரான மெல்லிய குழாயே போதும். அந்தக் குழாயை மருத்துவர்கள் இன்னும் நெலட்டானின் பெயராலேயே அழைக்கிறார்கள்.