காயல்துறைக் குதிரையும் கண்காத்த கையும்

தமிழக முஸ்லிம்களின் சரித்திரம் பேசப்படும் இடங்களிலெல்லாம் காயல்துறையில் வந்திறங்கிய அரபுக் குதிரைகள் தவறாமல் இடம்பெறும். இராவுத்தர் என்னும் பெயர் குதிரைவீரனைக் குறிப்பது; அருணகிரிநாதர் முருகனையே அப்பெயரால் விளித்திருக்கிறார் என்று எடுத்துக்காட்டி மகிழாத பேச்சாளர் நம்மில் குறைவு. மகிழட்டும். ஆயின், இறங்கிய குதிரைகள் பின்னர் என்னவாயின என்று வினவுவோர் அரியர். அதை வினவவே இக்கட்டுரை.

பாரசீக வரலாற்றாசிரியர் வஸ்ஸாஃப், 14-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எழுதிய நூலில் கணக்கே தருகிறார். ஃபார்ஸ் நாட்டை அதாபெக் அபூபக்கர் ஆண்ட காலத்தில், மஅபர் என்று அரபிகள் அழைத்த நம் கரைக்கும் கம்பாயம் முதலிய துறைகளுக்கும் ஆண்டுதோறும் 10,000 குதிரைகள் சென்றன. அவற்றின் விலை 22 இலட்சம் தீனார். பின்னர், கீஷ் தீவின் வணிகத் தலைவர் மலிக்குல் இஸ்லாம் ஜமாலுத்தீன் செய்துகொண்ட உடன்படிக்கைப்படி, குதிரை ஒன்றுக்கு 220 செம்பொன் தீனார். வழியில் குதிரை இறந்துபட்டாலும் அதன் விலையை அரசுக் கருவூலமே தந்துவிட வேண்டும்! காயலில் பாண்டியரின் அமைச்சராக வீற்றிருந்தவர் ஜமாலுத்தீனின் சகோதரர் தகியுத்தீன் என்பதையும் இங்கு நினைவிற்கொள்க.

வந்த குதிரைகளுக்கு என்ன உபசாரம்? வாற்கோதுமையைப் பச்சையாகத் தராமல் வறுத்தும், தானியத்தை நெய்யிட்டும், பாலைக் காய்ச்சியும் கொடுத்தனர். நாற்பது நாள் முளையில் கட்டிக் கொழுக்கவைத்தனர். பிறகு பயிற்சியின்றி ஏறி விரட்டினர் என்கிறார் வஸ்ஸாஃப். 13-ஆம் நூற்றாண்டின் இறுதியில் இக்கரைக்கு வந்த மார்க்கோ போலோ இன்னும் கடுமையாகப் பேசுகிறார். அரச சகோதரர் ஐவரும் ஆண்டுக்கு ஈராயிரத்துக்கு மேற்பட்ட குதிரைகளை ஆளுக்கு ஆள் வாங்கினர். ஆண்டு முடிவில் நூறுகூட எஞ்சவில்லை. காரணம், குதிரை மருத்துவம் அறிந்தோர் இந்நாட்டில் இல்லை. வணிகர்கள் அத்தகையோரை அழைத்து வருவதுமில்லை, வரவிடுவதுமில்லை. குதிரை சாகச்சாக வாணிகம் பெருகுமல்லவா?

இக்குற்றச்சாட்டை நாம் படித்துவிட்டுப் பக்கத்தைத் திருப்பிவிடலாகாது. போலோ மிகைப்படுத்துகிறார் என்பது நம் கருத்து. சாலிஹோத்திரர், நகுலன் ஆகியோர் பெயரால் அசுவ சாத்திரங்கள் இந்நாட்டில் நெடுங்காலமாக வழங்கின. தஞ்சை சரசுவதி மகால் நகுலன் பெயரால் வழங்குவதை அச்சிட்டும் உள்ளது. ஷாஜஹான் காலத்தில் சாலிஹோத்திரம் பார்ஸியிலும் பெயர்க்கப்பட்டது. ஆகவே மருத்துவமே அறியாத நாடு என்பது பொருந்தாது. ஆனால் செத்த குதிரைக்கும் விலை உண்டு என்ற உடன்படிக்கை, உயிரோடு காக்கும் அக்கறையை வணிகர் நெஞ்சில் வளர்த்திராது என்பதை மறுக்க நம்மால் இயலவில்லை.

அதே வணிகர்களின் அரபுமொழியில் இக்கலைக்குப் பெருஞ்செல்வம் இருந்தது. குதிரை மருத்துவனுக்குப் பைத்தார் என்று பெயர். 9-ஆம் நூற்றாண்டின் இறுதியில் பக்தாதில் அப்பாஸிய கலீஃபாவின் குதிரை லாயத்தைக் கண்காணித்த இப்னு அகீ ஹிஸாம் இத்துறையில் நூல் இயற்றினார். எகிப்தின் சுல்தான் நாஸிர் முஹம்மதின் பைத்தாராக விளங்கிய அபூபக்கர், 14-ஆம் நூற்றாண்டில் அதனினும் விரிவான நூலைத் தந்தார். மலாகாவில் பிறந்து 1248-இல் திமிஷ்கில் மறைந்த மூலிகை மேதையை உலகம் அறிவதே இப்னுல் பைத்தார், அதாவது பைத்தாரின் மைந்தர் என்ற பெயரால்தான். கிதாபுகள் இருந்தன, கப்பலில் ஏறி வரவில்லை, அவ்வளவே.

நூலறிவும் லாயத்துக் கையும் ஒன்றல்ல என்பதற்குக் குதிரையின் கண்ணே தக்க சான்று. தரைவாழ் பாலூட்டிகளுள் மிகப்பெரிய கண்களைப் பெற்றவற்றுள் குதிரையும் ஒன்று. தலையின் இருபுறமும் புடைத்து நிற்பதால், முள்ளோ வைக்கோல் தட்டையோ சாட்டை நுனியோ எளிதில் படும். இராசபாளையத்திலும் ஸ்ரீவில்லிபுத்தூரிலும் ஆட்டோக்கள் வருமுன் ரயிலடியில் நின்ற குதிரை வண்டிகளை நம் வயதினர் மறந்திரார். பாண்டியரின் படைக்குதிரைக்குப் பின் இப்பகுதியில் எஞ்சியவை வண்டிக்குதிரையும், ஐயனார் கோவில் மண்குதிரையுமே. வண்டிக்குதிரையின் கண்ணில் காயம்பட்டால் வண்டிக்காரர் வீட்டில் உலையும் நிற்கும். ஆகவே கண்ணில் ஏதேனும் சாற்றைப் பிழிந்துவிட்டு, கண்பட்டையை மாட்டி, மறுநாளே பூட்டிவிடுவதுண்டு. அவரை நாம் குறைகூறோம், வறுமை அப்படி.

ஆனால் அக்கண் கேட்பது வேறு. முன்படலத்தில் புண் இருக்கையில் ஸ்டீராய்டு கலந்த மருந்தை இட்டால் புண் ஆழ்ந்து கண்ணே போய்விடக்கூடும்; ஆகவே மருத்துவர் பார்க்குமுன் எதையும் இடலாகாது. வலி குறைய அவர் அட்ரோபின் இடுவார். அதனால் பாவை விரிந்து வெயில் கூசும். லாயத்தை இருட்டாக்க வேண்டும், அல்லது கண்ணுக்கு மூடி இட வேண்டும். அம்மருந்து குடலையும் மந்தப்படுத்துமாதலால் சாணம் இடுகிறதா என்று நாள்தோறும் பார்க்க வேண்டும். தூணில் கண்ணைத் தேய்க்காமலும் ஈ மொய்க்காமலும் காக்க வேண்டும். தீவனத்தைத் தலைக்குமேல் கட்டித் தொங்கவிட்டால் தூசி கண்ணில் உதிரும். தரையில் வைப்பதே நன்று. மருந்தோ பகலிலும் இரவிலும் பலமுறை. வாரக்கணக்கில் இது நடக்க வேண்டும்.

நம் நாட்டில் காணப்படும் கண்ணோய் ஒன்றும் உண்டு. மாட்டின் வயிற்றறையில் வாழும் ஒருவகை நூற்புழுவின் குஞ்சுகளைக் கொசு குதிரைக்குக் கொணர்கிறது. வழிதவறிய புழு கண்ணுக்குள் புகுந்து, வெள்ளை இழைபோல் நெளிவது வெளியிலிருந்தே தெரியும். 19-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே இங்கிருந்த ஆங்கில மருத்துவர்கள் இதைக் குறித்தெழுதினர். முன்படலத்தின் ஓரத்தில் ஊசியளவு துளையிட்டால் உள்நீரோடு புழுவும் வெளியே வரும். நீர் மீண்டும் தானே ஊறும். துளையிடுவது சில நொடி வேலை. அதன்பின் இருட்டு லாயத்தில் குதிரையோடு விழித்திருப்பவரின் வேலை நெடியது.

எல்லாம் செய்தும் ஒரு கண் போய்விடுவதுண்டு. அக்குதிரையை அணுகுவோர் பார்வையுள்ள பக்கமாகவே, பேசிக்கொண்டே வரவேண்டும். குருட்டுப் பக்கத்தில் ஓசையின்றி வந்து தொட்டால் மிரண்டு உதைக்கும். பழகிவிட்டால் வண்டியிழுக்கும்.