கால்வாய்க் கரையில் நம் வரலாறு: கரும்பிலிருந்து செம்பனை வரை



பாகான் செராய் வட்டாரத்தில் எந்தச் சாலையில் சென்றாலும் ஒரு கால்வாய் நம்முடன் வருவதைக் காணலாம். பாரிட் புந்தார் என்ற பெயரில் உள்ள 'பாரிட்' என்ற சொல் வெட்டிய கால்வாயைக் குறிக்கும். ஆலோர் பொங்சு என்பதில் உள்ள 'ஆலோர்' நீரோடும் வழியைக் குறிக்கும். கோல குலாவில் உள்ள 'குலா' என்பதற்குச் சீனி என்று பொருள். ஊர்ப் பெயர்களிலேயே இவ்வட்டாரத்தின் தொழில் வரலாறு பதிந்துள்ளது. ஆயினும் அதனைப் படிக்க நம் பிள்ளைகளுக்கு நாம் கற்றுக் கொடுப்பதில்லை. அக்குறையைச் சிறிதளவேனும் போக்கும் நோக்கத்துடன் இக்கட்டுரை எழுதப்படுகிறது.

சீனியின் காலம்

19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் கெரியான் மாவட்டம் கரும்பு விளையும் பூமியாக இருந்தது. செபராங் பிறையில் கரும்பு பயிரிட்டு வந்த சீன முதலாளிகளும் ஐரோப்பிய நிறுவனங்களும் எல்லை கடந்து இங்கே நிலம் பெற்றனர். கடலோரச் சேற்று நிலமும் சதுப்புக் காடும் தோட்டங்களாயின. அத்தோட்டங்களில் உழைக்கத் தமிழகத்திலிருந்து கொண்டுவரப்பட்டவர்களே சஞ்சிக் கூலிகள் என்று நாம் குறிப்பிடும் ஒப்பந்தத் தொழிலாளர்கள். கப்பல் செலவுக்கு ஈடாகச் சில ஆண்டுகள் ஒரே முதலாளியிடம் உழைக்க வேண்டும் என்பது ஒப்பந்தம். இடையில் ஓடிப் போனால் தண்டனை உண்டு.

கரும்புத் தோட்டத்தில் கால்வாய்தான் சாலை. பாத்திகளுக்கு இடையே வெட்டப்பட்ட வாய்க்கால்களில், வெட்டிய கரும்பை ஏற்றிய தட்டைப் படகுகள் ஆலைக்குச் சென்றன. ஆலையில் சாறு பிழிந்து, கொதிக்க வைத்துச் சீனியாக்கினர். அடுப்புக்கு வேண்டிய விறகும் அதே நீர்வழியில் வந்தது. தாழ்ந்த அந்த நிலத்தில் நல்ல குடிநீர் அரிது. கால்வாய் நீரைக் குடித்து வயிற்றுப்போக்கினாலும், கொசுக்கடியால் வந்த காய்ச்சலாலும் மாண்டவர்கள் பலர். அவர்களுக்குக் கல்லறையும் இல்லை, பெயர்ப் பலகையும் இல்லை.

நெல்லின் காலம்

இதே காலத்தில் பிரிட்டிஷ் ஆட்சி மற்றொரு பெரும் பணியைத் தொடங்கியது. குராவ் ஆற்றைப் புக்கிட் மேராவில் அணை கட்டித் தேக்கி, நெல் வயல்களுக்கு நீர் கொண்டுவரும் கெரியான் நீர்ப்பாசனத் திட்டமே அது. 1906இல் அத்திட்டம் நிறைவு பெற்றது. நாட்டின் முதல் பெரிய நீர்ப்பாசனத் திட்டம் என்ற பெருமை இதற்கு உண்டு. முதன்மைக் கால்வாயும் செலின்சிங் கால்வாயும் இன்றும் அந்த நீரைக் கொண்டு செல்கின்றன.

இங்கே கால்வாயின் வேலை மாறியதைக் கவனிக்க வேண்டும். கரும்புக்குப் பாதையாக இருந்த கால்வாய், நெல்லுக்கு நீர் ஊட்டும் தாயானது. கரையோரங்களில் அரிசி ஆலைகள் எழுந்தன. 1960களில் மலிஞ்சா, மாசூரி போன்ற நெல் வகைகள் வந்த பிறகு, ஆண்டுக்கு இருபோகம் விளைவிக்கும் முறை பரவியது. அதனால் அணை நீருக்கான தேவையும் கூடியது. மலாய் விவசாயிகளே இவ்வயல்களில் பெரும்பான்மையினர். நம்மவர்களுள் பெரும்பாலோர் கால்வாயின் மறுகரையில், தோட்டத்திலேயே இருந்தனர்.

ரப்பரும் செம்பனையும்

1910இல் ஒப்பந்தக் கூலி முறைக்கு ஆள் சேர்ப்பது நிறுத்தப்பட்டது. ஜாவாவின் மலிவான சீனியோடு போட்டியிட இயலாத நிலையும், ரப்பர் விலையின் திடீர் உயர்வும் சேர்ந்துகொண்டன. சில ஆண்டுகளுக்குள் கரும்பு மறைந்து ரப்பர் நின்றது. குலா-களும்பாங் என்ற பெயரில் ரப்பர் நிறுவனமே இயங்கியது. சீனி ஆலைப் புகைபோக்கி நின்ற வட்டாரத்தில் ரப்பர் ஷீட்டைக் காய வைக்கும் புகைக் கொட்டகைகள் வந்தன.

ரப்பர் மரத்தின் வேர் நீரில் நின்றால் அழுகும். எனவே கால்வாய்க்கு மூன்றாவது வேலை வந்தது: நீரை வெளியேற்றுவது. கடல் நீர் உள்ளே ஏறாமல் தடுக்க மதகுகளும் கரைகளும் வேண்டியிருந்தன. பின்னர் ரப்பரின் இடத்தில் செம்பனை நடப்பட்டபோதும் இதே வேலை தொடர்ந்தது.

ஆனால் ஒன்று மாறியது. ரப்பருக்கு நாள்தோறும் விடியலில் பால் வெட்ட ஆள் வேண்டும். செம்பனைக்குச் சில நாட்களுக்கு ஒருமுறை குலை வெட்டினால் போதும். ஒரு தோட்டத்திற்கு வேண்டிய கைகள் குறைந்தன. எஞ்சிய வேலைகளுக்கும் காலப்போக்கில் அயல்நாட்டுத் தொழிலாளர்கள் வந்தனர். 1970களில் பினாங்கிலும் பிறையிலும் தொழிற்சாலைகள் பெருகியபோது நம் இளையோர் அங்கே சென்றனர். லயங்கள் காலியாயின. தோட்டத்தை நம்பி எழுந்த தமிழ்ப்பள்ளிகளில் மாணவர் எண்ணிக்கை சுருங்கியதற்கு இதுவே முதற்காரணம். பெற்றோரின் அக்கறையின்மை மட்டுமே காரணம் என்று கூறுவோர் இதனைச் சிந்திக்க வேண்டும்.

இனி வருவது

2023இல் கெரியான் ஒருங்கிணைந்த பசுமைத் தொழிற்பூங்கா குறித்த அறிவிப்பு வெளியானது. கரும்பு, நெல், ரப்பர், செம்பனை என்ற வரிசையில் இப்போது தொழிற்சாலை. இதனை வரவேற்போம். அதே வேளையில் ஒரு பாடத்தை மறத்தலாகாது. இவ்வட்டாரத்தில் ஒவ்வொரு தொழில் மாற்றமும் தோட்டத் தமிழரைக் கேட்டு வரவில்லை. வந்த வேலையை ஏற்றோம், போன வேலைக்காக ஊரை விட்டுப் பெயர்ந்தோம். இம்முறையாவது கூலிகளாக மட்டுமன்றித் தொழில்நுட்பம் கற்றவர்களாக, பொறியாளர்களாக, சிறு தொழில் முனைவோராக நம் பிள்ளைகள் அங்கே நுழைய வேண்டும். அதற்கு இன்றைய கணிதமும் அறிவியலும் வாசிப்பும் அடித்தளம்.

ஆசிரியர்களுக்கும் பெற்றோர்களுக்கும்

2014 முதல் தொடக்கப்பள்ளியில் நான்காம் ஆண்டிலிருந்து வரலாறு தனிப் பாடமாக உள்ளது. பாடநூலில் நம் கால்வாய்க்குப் பெரிய இடம் இராது. அவ்விடத்தை நாமே நிரப்பலாம்:

1. மாணவர்களைப் பள்ளிக்கு அருகிலுள்ள மதகுக்கு அழைத்துச் சென்று, நீர் எங்கிருந்து வருகிறது, எங்கே போகிறது என்று வரைபடம் வரையச் செய்யலாம். பாதுகாப்புக்குப் பெரியவர்கள் உடன் இருத்தல் அவசியம்.

2. தாத்தா, பாட்டி எந்தத் தோட்டத்தில், என்ன வேலை செய்தார்கள், எந்த ஆண்டு அங்கிருந்து வெளியேறினார்கள் என்று கேட்டு எழுதி வரச் செய்யலாம்.

3. பெற்றோர்கள் தங்களிடமுள்ள பழைய படங்களையும் சம்பளச் சீட்டுகளையும் பள்ளிக்குக் காட்டக் கொடுக்கலாம். குப்பையில் போடும் முன் ஒருமுறை யோசியுங்கள்.

தோட்டத்தில் பால் வெட்டிய தலைமுறை நம்மை விட்டு மெல்ல மெல்ல மறைந்து வருகிறது. அவர்களிடம் கேட்கத் தவறியதை எந்த ஆவணக் காப்பகமும் பின்னர் நமக்குத் தர இயலாது. இந்த விடுமுறையிலேயே தொடங்குவோம்.

வாழ்க தமிழ்! வளர்க தமிழ்ப்பள்ளிகள்!