தோட்டத்தை வாங்கினால் தேயிலையின் தரம் உயருமா? லிப்டனின் விளம்பர வாசகம்: ஒரு மறுவாசிப்பு

விற்பனைப் பெயரை வைத்திருப்பவரே உற்பத்தியிடத்தையும் வாங்கிவிட்டால் சரக்கின் தரம் உயரும் என்பது மலையகத் தேயிலை பற்றிய எழுத்துகளில் கேள்வியின்றித் தொடரும் கருத்து. இதற்கு முதற் சான்றாகக் காட்டப்படுபவர் தோமஸ் லிப்டன். 1890இல் இலங்கை வந்த அவர், அப்புத்தளைப் பகுதியின் தம்பேதன்ன உள்ளிட்ட தோட்டங்களை வாங்கினார். தேயிலை தோட்டத்திலிருந்து நேரே தேநீர்க் கேத்தலுக்கு வருகிறது என்று விளம்பரம் செய்தார். அந்த வாசகம் தரத்தைப் பற்றியதே அல்ல என்பது என் வாதம்.

வாசகத்தின் உயிர் 'நேரே' என்ற சொல்லில் இருக்கிறது. அது சரக்கு வந்த வழியைச் சொல்கிறது. கொழுந்தைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. இடைத்தரகர் இல்லை, ஆகவே விலை குறைவு என்பதே அதன் பொருள். இறாத்தல் 1 ஷில்லிங் 7 பென்ஸ் என்ற அவரது மலிவு விலையும் இதோடு ஒத்துப்போகிறது. அவரே செய்த மற்றொரு விளம்பரம், அந்தந்த ஊர்த் தண்ணீருக்கு ஏற்ற தேயிலை தருவதாகச் சொன்னது. இரண்டையும் சேர்த்துப் படித்தால் முரண் தெரியும். ஊருக்கொரு சுவை வேண்டுமென்றால் பல தோட்டத்துத் தூளைக் கலந்தாக வேண்டும். அவர் விற்ற அளவுக்கு அவருடைய தோட்டங்கள் விளைவிக்கவும் இல்லை. பெரும்பகுதி சந்தையில் வாங்கியதே. சுவையை ஆக்கியது கலவைக்காரரின் நாக்கு. தோட்டம் தந்தது ஒரு கதையையும் பேரம் பேசும் பலத்தையும்தான். இது இரு வாசகங்களின் வாசிப்பு மட்டுமே. ஆயினும் மரபான விளக்கத்தை அசைக்க இதுவே போதும் என்று கருதுகிறேன்.

பருவமும் இதையே சொல்கிறது. ஹட்டன், தலவாக்கலைப் பக்கத்தில் ஜனவரி முதல் மார்ச் வரை வறண்ட குளிர்காற்று வீசும்போது தேயிலைக்கு மணம் கூடுகிறது. ஜூன் மழையில் கொழுந்து பெருகும், சுவை மெலியும். 1883இல் தொடங்கிய கொழும்பு ஏலத்தில் வாங்குபவர் சிறந்ததை மட்டும் தேர்ந்தெடுக்கலாம். தோட்டத்துக்குச் சொந்தக்காரரோ ஜூன் மாதக் கொழுந்தையும் ஏற்றாக வேண்டும்.

வீடியோ கேம் துறையிலும் இதே குழப்பம் உண்டு. சோனி நிறுவனம் இன்சோம்னியாக் ஸ்டூடியோவை வாங்கியது 2019இல், 229 மில்லியன் டொலருக்கு. பிளேஸ்டேஷனுக்கு மட்டுமென்று அந்த ஸ்டூடியோ உருவாக்கிய 'ஸ்பைடர்மேன்' வெளிவந்தது 2018இல். திறமை முதலில் வந்தது, உரிமைப் பத்திரம் பின்னால் வந்தது. வாங்கப்பட்டது, அந்தத் திறமை போட்டியாளரிடம் போகாது என்ற உறுதி.

உரிமையாளர்தான் நீண்டகால முதலீடு செய்வார் என்ற மறுப்பு நெடுநேரம் நிற்காது. 1992இல் பெருந்தோட்ட நிர்வாகம் தனியார் கம்பனிகளுக்குக் கைமாறியது. ஆனாலும் நூறு வயது கடந்த விதைத் தேயிலைச் செடிகள் மாற்றி நடப்படாமல் இன்றும் பல மலைகளில் நிற்கின்றன. லபுக்கலைத் தோட்டத்தில் மெக்வுட்ஸ் நிறுவனத்தின் பலகை போய் டாம்ரோ நிறுவனத்தின் பலகை வந்தது. மலையின் உயரம் மாறவில்லை.

அப்படியானால் தரம் எங்கே தீர்மானமாகிறது? பறித்த கொழுந்தை நிறுக்கும் மடுவத்தில் நின்று பார்த்தால் தெரியும். சாக்குக்குள் கைவிட்டு ஒரு பிடி அள்ளி, இரண்டு இலையும் ஒரு கொழுந்தும் எத்தனை, முற்றல் எத்தனை என்று பிரித்துப் பார்க்கிறார்கள். ஏழெட்டு நாளில் அதே மலைக்குத் திரும்பாவிட்டால் முற்றல் கூடும். திரும்ப ஆள் வேண்டும். ஆளோ, 'பேர்' போட்டால், அதாவது ஒரு நாள் வேலை பதிவானால், அந்தக் கூலியில் குடும்பம் நடக்கும் என்றால்தான் நிற்பார். உயர்ந்த தேயிலை வேண்டுவோர் முதலில் செலவிட வேண்டிய இடம் அதுவே. உலகம் முழுவதும் பெயர்பெற்ற இந்தத் தேயிலையைப் பறித்தவரின் நாட்சம்பளம் 1000 ரூபாயைத் தொட்டது 2021இல்தான்.