இலங்கைத் தேசியக் கொடி

இலங்கைத் தேசியக் கொடி பொதுவழக்கில் சிங்கக் கொடி எனப்படுகிறது. மஞ்சள் கரையிட்ட இரண்டு பகுதிகள் சேர்ந்து அமைந்தது அது. கம்பத்தை ஒட்டிய சிறு பகுதியில் பச்சையும் செம்மஞ்சளும் இரு நெடும்பட்டைகளாக நிற்கின்றன. பெரும் பகுதியில், கருஞ்சிவப்புப் பரப்பின் நடுவே, வலது முன்காலில் வாளேந்திய மஞ்சள் சிங்கம் கம்பத்தை நோக்கி நிற்கிறது. அப்பரப்பின் நான்கு மூலைகளிலும் அரசிலைகள் உள்ளன. கொடியின் நீளம் அகலத்தைப்போல் இருமடங்கு. சிங்கம் சிங்களரையும், பச்சைப் பட்டை முஸ்லிம்களையும், செம்மஞ்சள் பட்டை தமிழரையும் குறிப்பதாகக் கொள்ளப்படுகிறது. 1951இல் ஏற்கப்பட்ட இக்கொடி 1972இல் திருத்தம் பெற்றது.

இந்தக் கொடியைப் பற்றிய சச்சரவு சிங்கத்தின் உருவத்தைப் பற்றியது என்றே பலரும் எண்ணுகின்றனர். உண்மையில் சச்சரவின் உயிர்நிலை, சிங்கத்தையும் பட்டைகளையும் பிரித்து நிற்கும் மஞ்சள் கரையில் இருக்கிறது. சிறுபான்மையினர் கொடிக்குள் இருக்கின்றனரா, கொடியோடு ஒட்டவைக்கப்பட்டிருக்கின்றனரா என்பதே முதல்நாள் முதல் எழுந்த கேள்வி.

கண்டியின் கொடி

சிங்கச் சின்னத்தின் வேரை, மகாவம்சம் என்னும் பழைய வரலாற்று நூல் கூறும் முதல் மன்னன் விஜயனின் கதையில் காண்பது சிங்கள மரபு. விஜயனின் பாட்டன் ஒரு சிங்கம் என்பது அக்கதை. சிங்கள மன்னன் துட்டகைமுனு தமிழ் மன்னன் எல்லாளனோடு பொருதபோது ஏந்தியதும் சிங்கக் கொடியே என்பர். தம்புள்ளைக் குகைக் கோயிலின் சுவரோவியம் இதற்குச் சான்றாகக் காட்டப்படுகிறது. ஆனால் அக்கோயிலின் இன்றைய ஓவியங்களில் பெரும்பாலானவை 18ஆம் நூற்றாண்டில் கண்டி மன்னர்கள் புதுப்பித்தவை. கி.மு. 2ஆம் நூற்றாண்டுப் போருக்கு அவற்றைக் கண்கண்ட சாட்சியாகக் கொள்ள முடியாது.

உறுதியான வரலாறு கண்டி அரசின் இறுதிக் காலத்திலிருந்து தொடங்குகிறது. அவ்வரசில் ஒரே கொடி இருக்கவில்லை. திசாவை எனப்பட்ட ஒவ்வொரு மாகாணத்துக்கும் தனிக்கொடி உண்டு. நான்கு கோறளைக்குச் சூரியனும் சந்திரனும், ஊவாவுக்கு அன்னம் எனச் சின்னங்கள் வேறுபட்டன. சிங்கம் பொறித்த கொடி கடைசி மன்னன் ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கனுடையது எனப்பட்டது. கண்ணுசாமி என்ற இயற்பெயர் கொண்ட இம்மன்னன், 1739 முதல் கண்டியை ஆண்ட நாயக்கர் வழியினன். அவ்வழி தென்னிந்தியாவிலிருந்து, திருமண உறவால் கண்டி அரியணையை அடைந்தது. 1815 பிப்ரவரி 18இல் ஆங்கிலேயர் அவனைச் சிறைப்பிடித்தனர். மார்ச் 2இல் கண்டிப் பிரதானிகள், அரசை ஆங்கிலேயரிடம் ஒப்படைக்கும் கண்டி ஒப்பந்தத்தில் கையொப்பமிட்டனர். மன்னன் வேலூர்க் கோட்டைக்கு அனுப்பப்பட்டு 1832இல் அங்கேயே இறந்தான். பாலாற்றங்கரையில் அவனுக்கு நினைவிடமாக முத்துமண்டபம் உள்ளது. இன்று சிங்களத் தனித்துவத்தின் அடையாளமாக உயர்த்தப்படும் கொடிக்குரியவன் தமிழகத்து மண்ணில் அடங்கியவன் என்பதை, கொடியைப் பற்றிப் பேசும் இருதரப்பாரும் போதிய அளவு நினைத்துப் பார்ப்பதில்லை.

கொடி இங்கிலாந்து சென்றது. இலண்டனில் செல்சியிலுள்ள முதிய படைவீரர் இல்லத்தில் அது வைக்கப்பட்டிருந்ததை வழக்கறிஞரும் அரசியல்வாதியுமான ஈ. டபிள்யூ. பெரேரா அடையாளம் கண்டார். சிங்களக் கொடிகளையும் விருதுகளையும் பற்றிய அவரது ஆய்வு நூல் 1916இல் கொழும்பு நூதனசாலை வெளியீடாக வந்தது. கைவிட்டுப்போன அரசின் கொடி ஒன்று கண்ணுக்குப் புலப்பட்டதும், சுதந்திரம் கேட்ட தலைமுறைக்கு அது பெரும் ஊக்கமாயிற்று.

1948 முதல் 1951 வரை

1948 சனவரியில், மட்டக்களப்புப் பிரதிநிதி ஏ. சின்னலெப்பை பிரதிநிதிகள் சபையில் ஒரு பிரேரணை கொண்டுவந்தார். கண்டி மன்னனின் சிங்கக் கொடியே சுதந்திர இலங்கையின் கொடியாக வேண்டும் என்பது அது. முன்மொழிந்தவர் ஒரு முஸ்லிம் என்பது கவனிக்கத்தக்கது. தமிழ் உறுப்பினர்கள் எதிர்த்தனர். பல இனங்கள் வாழும் நாட்டுக்கு ஓர் இனத்தின் அரசச் சின்னம் எப்படிப் பொதுக்கொடியாகும் என்று கேட்டனர். யாழ்ப்பாணத்தை ஆண்ட தமிழ் மன்னர்களான ஆரியச் சக்கரவர்த்திகளின் நாணயங்களில் இருந்ததோ நந்தி. சுதந்திர நாளான பிப்ரவரி 4இல் சிங்கக் கொடி ஏற்றப்பட்டபோதும் விவாதம் ஓயவில்லை.

பிரதமர் டி. எஸ். சேனநாயக்க ஆலோசனைக் குழு ஒன்றை அமைத்தார். எஸ். டபிள்யூ. ஆர். டி. பண்டாரநாயக்க தலைவர். ஜே. ஆர். ஜயவர்தன, ஜோன் கொத்தலாவல, டி. பி. ஜாயா, லலித ராஜபக்ச, ஜி. ஜி. பொன்னம்பலம், செனட்டர் எஸ். நடேசன் ஆகியோர் உறுப்பினர்கள். தொல்லியல் அறிஞர் செனரத் பரணவிதான செயலாளர். சிங்கக் கொடியை அப்படியே வைத்துக்கொண்டு, கம்பத்துப் பக்கமாக இரு பட்டைகளைச் சேர்ப்பது என்று குழு முடிவு செய்தது. நடேசன் இதை ஏற்காமல் தனிக்கருத்து எழுதினார். சிங்கக் கொடி தன் கரையோடு முழுமையாக நிற்கிறது, பட்டைகள் அந்தக் கரைக்கு வெளியே நிற்கின்றன, ஆகவே இது ஒற்றுமையின் சின்னமாகாது என்பது அவர் வாதத்தின் சாரம். கொடியைக் குறித்து இதுவரை எழுந்த எதிர்வாதங்களுள் இதுவே மிகக் கூர்மையானது. உணர்ச்சியைத் தொடாமல் கொடியின் வடிவமைப்பை மட்டும் வைத்து அவர் பேசினார். அந்தக் கரையமைப்பு இன்றும் மாறவில்லை.

1951 மார்ச் 2இல், கண்டி ஒப்பந்தத்தின் 136ஆம் ஆண்டு நிறைவு நாளில், நாடாளுமன்றம் கொடியை ஏற்றது.

குழு அமைக்கப்பட்ட அதே ஆண்டில்தான், 1948இன் குடியுரிமைச் சட்டம் மலையகத் தோட்டங்களில் உழைத்த இந்திய வம்சாவளித் தமிழர்களில் பெரும்பாலானோரை நாடற்றவர்களாக்கியது. தமிழருக்கென்று ஒரு பட்டை வரையப்பட்டபோது அந்த மக்களுக்கு வாக்கே இல்லாமல் போனது. கொடியின் செம்மஞ்சளை நம்ப முடியாமல் போனதற்கு இதைவிட வலுவான காரணம் வேறொன்றில்லை. கொடியைச் சுற்றிவரும் மஞ்சள் கரை பறங்கியர், மலாயர், வேடர் ஆகியோரைக் குறிக்கிறது என்று பின்னாளில் விளக்கம் சொல்வாரும் உண்டு.

அரசிலைகள்

1951ஆம் ஆண்டுக் கொடியின் மூலைகளில் இருந்தவை பழைய அலங்கார முனைகள் மட்டுமே. 1972இல் நாடு குடியரசானபோது அவை இயல்பான அரசிலைகளாக மாற்றி வரையப்பட்டன. பௌத்தம் போற்றும் மைத்திரி, கருணை, முதிதை, உபேட்சை என்னும் நான்கு பண்புகளை அவை குறிக்கும் என்பது தரப்பட்ட விளக்கம். அதே ஆண்டின் அரசியலமைப்பு பௌத்தத்துக்கு முதன்மை இடம் அளித்தது. பண்புகள் நான்கும் யாரும் மறுக்க முடியாதவை. எனினும் அவை வரையப்பட்ட இடம் சிங்கத்தின் பகுதிக்குள்ளே மட்டும். பட்டைகளின் மூலைகளில் இலை இல்லை.

எதிர்ப்பும் ஏற்பும்

சிங்களத்தை மட்டும் ஆட்சிமொழியாக்கிய 1956இன் தனிச்சிங்களச் சட்டத்துக்குப் பின் தமிழர் பகுதிகளில் சுதந்திர நாள் துக்க நாளாகியது. 1957 பிப்ரவரி 4இல் திருகோணமலையில் கறுப்புக் கொடி ஏற்ற முயன்ற நடராஜன் சுட்டுக் கொல்லப்பட்டார். பின்னர் ஆயுதப் போராட்ட காலத்தில், சோழரை நினைவூட்டும் விடுதலைப் புலிகளின் புலிச் சின்னம் சிங்கத்துக்கு எதிராக நின்றது. 2009இல் போர் முடிந்தபின் வடக்கில் எழுந்த வெற்றிச் சின்னங்களிலும் படைமுகாம்களிலும் சிங்கக் கொடி பறந்தது. உறவுகளை இழந்த மக்கள் அதை வென்றவரின் கொடியாகவே பார்த்ததில் வியப்பில்லை.

2012 மே தினத்தன்று யாழ்ப்பாணத்தில் அப்போதைய எதிர்க்கட்சித் தலைவர் ரணில் விக்கிரமசிங்கவுடன் நடந்த கூட்டுப் பேரணியில் தமிழ்த் தேசியக் கூட்டமைப்பின் தலைவர் இரா. சம்பந்தன் சிங்கக் கொடியைக் கையில் ஏந்தினார். தமிழர் மத்தியில் கடும் கண்டனம் எழுந்தது. 2017இல் வட மாகாணக் கல்வி அமைச்சர் க. சர்வேஸ்வரன் வவுனியாவில் ஒரு பள்ளியில் கொடியேற்ற மறுத்தபோது தென்னிலங்கையில் அதே அளவு கொதிப்பு.

மறுபுறத்தில், பட்டைகளே வேண்டாம் என்ற குரலும் வலுத்தது. 2015இல் கொழும்பு ஆர்ப்பாட்டம் ஒன்றில் பச்சையும் செம்மஞ்சளும் நீக்கிய கொடிகள் காணப்பட்டன. அடுத்து, சிங்க இரத்தம் எனப் பொருள்படும் 'சிங்கலே' என்ற இயக்கமும் ஒட்டுப்படங்களும் பரவின. பட்டைகள் வெளியே நிற்பதால் கொடியைச் சிதைக்காமலே அவற்றை வெட்டியெடுக்க முடிந்தது. நடேசன் சுட்டிய குறை அரை நூற்றாண்டு கடந்து தெருவில் வெளிப்பட்டது.

2022இல் கொழும்பு காலிமுகத்திடல் போராட்டத்தில் இளைஞர்கள் அதே கொடியைப் போர்த்திக்கொண்டு ஆட்சியாளரை எதிர்த்தனர். அங்கேயே மே 18இல், போரின் இறுதியில் மடிந்த தமிழரை நினைவுகூரும் முள்ளிவாய்க்கால் கஞ்சி பகிரப்பட்டது. கொடிக்குப் புதிய பொருள் கிடைக்குமோ என்ற எதிர்பார்ப்பு அப்போது உண்மையாகவே எழுந்தது.

சட்டநிலை

1978 அரசியலமைப்பின் 6ஆம் உறுப்புரை, இரண்டாம் அட்டவணையில் வரையப்பட்ட சிங்கக் கொடியே தேசியக் கொடி என்கிறது. 83ஆம் உறுப்புரையின்படி அதை மாற்ற நாடாளுமன்றத்தில் மூன்றிலிரண்டு பெரும்பான்மையோடு மக்கள் தீர்ப்பு வாக்கெடுப்பும் தேவை. எனவே பட்டைகளை நீக்க விரும்புவோரும், கரையை அழித்து எல்லாரையும் ஒரே பரப்பில் வரைய விரும்புவோரும் கடக்க வேண்டிய வாயில் ஒன்றே.