28 கேபி பெட்டி

என் மடிக்கணினியில் ஒரு கோப்பு இருக்கிறது. அளவு 28 கேபி. வாட்ஸ்ஆப்பில் வரும் காலை வணக்கப் படம்கூட இதைவிடப் பெரிதாக இருக்கும். திறந்து கேட்டால் 'டப்' என்று ஒரு சத்தம், அவ்வளவுதான். அந்த 'டப்'புக்குள் சென்னை மண்ணூர்பேட்டையில் எங்கள் வீட்டு மாடியில் ஆறு வருடம் பாடிய ஒரு கிடார் ஸ்பீக்கர் பெட்டி இருக்கிறது. பெட்டி இப்போது இல்லை.

அது பிறந்தது 2017-ல். அம்பத்தூர் எஸ்டேட் பக்கம் பட்டறை வைத்திருந்த ஆசாரி ஒருவர் 18 மில்லிமீட்டர் பிளைவுட்டில் செய்து கொடுத்தார். உள்ளே 12 அங்குல ஸ்பீக்கர் ஒன்று: செலஸ்டியன் வின்டேஜ் 30. தம்பி அதைச் செகண்ட் ஹேண்டில் வாங்கி வந்தான். கனெக்டரும் வயரும் ரிச்சி தெருவில் வாங்கினோம்.

எலெக்ட்ரிக் கிடாருக்குப் பாதிக் குரலைக் கொடுப்பது இந்தப் பெட்டிதான். ஆம்ப்பில் டிஸ்டார்ஷனை ஏற்றி, பெட்டி இல்லாமல் நேராகக் கணினிக்குள் விட்டால் தகரத்தை ஆணியால் கீறுவது போல இருக்கும். கிடார் ஸ்பீக்கரின் காகிதக் கூம்பு 5,000 ஹெர்ட்ஸுக்கு மேலே உள்ளவற்றைப் பெரும்பாலும் விழுங்கிவிடும். வீட்டு ஸ்டீரியோவுக்குக் குறையான இந்த மந்தம்தான் கிடாருக்கு வரம். 1960-களில் லண்டனில் ஜிம் மார்ஷல் நான்கு 12 அங்குல செலஸ்டியன்களை ஒரே பெட்டிக்குள் அடுக்கினார். அதிலிருந்து வந்த குரலைத்தான் உலகம் ராக் கிடாரின் குரல் என்று பழகிக்கொண்டது.

அந்தக் குரலை ஒரு கோப்புக்குள் அடைப்பது எப்படி? பானை வாங்கப் போனால் தட்டிப் பார்க்கிறோம். ஒரு தட்டிலேயே அதன் கனம், வேக்காடு, விரிசல் எல்லாம் தெரிந்துவிடும். கிடார்காரர்கள் ஐ.ஆர். என்று சொல்லும் இம்பல்ஸ் ரெஸ்பான்ஸ், அப்படி ஒரு தட்டுக்குப் பெட்டி சொல்லும் பதில். கணினிக்குள் கிடார் ஒலி நொடிக்கு 48,000 துளிகளாக விழுகிறது. ஒவ்வொரு துளியும் பெட்டி மேல் விழும் ஒரு சின்னத் தட்டு. அத்தனை தட்டுக்கும் உரிய பதில்களை ஒன்றன்மேல் ஒன்றாகக் கூட்டினால், பெட்டி வழியே வந்த ஒலி கிடைத்துவிடும்.

ஆனால் ஒரே ஒரு தட்டில் இருக்கும் சக்தி போதாது. அறையின் இரைச்சல் அதை மூழ்கடித்துவிடும். இதற்கு அருமையான வழி சொன்னவர் இத்தாலியின் பார்மா பல்கலைக்கழகப் பேராசிரியர் ஆஞ்செலோ ஃபரினா. தட்டுவதற்குப் பதில், அடித்தொண்டையிலிருந்து உச்சி வரை வழுக்கிக்கொண்டே ஏறும் ஒரு நீண்ட விசிலைக் கொடு. பதிவானதைக் கணக்கால் மடித்து ஒரே புள்ளிக்குக் கொண்டுவா என்றார். 2000-ல் பாரிஸில் நடந்த ஒலிப்பொறியாளர் மாநாட்டில் அவர் படித்த கட்டுரை அது. ஸ்பீக்கர் தன் பங்குக்குச் சேர்க்கும் சிதைவுகள் இந்தக் கணக்கில் உண்மையான பதிலுக்கு முன்னால் தனியே போய் நின்றுகொள்ளும். கத்தரித்து எறிந்துவிடலாம்.

2023 மே மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் எங்கள் பெட்டியை இப்படி அளக்க உட்கார்ந்தோம். எஸ்டேட்டில் பிரஸ் மிஷின்கள் ஓயும் நாள் அது. கீழ்வீட்டு அக்காவிடம் முன்பே சொல்லி வைத்திருந்தோம். ஷூர் எஸ்.எம்.57 மைக்கைத் துணி வலையிலிருந்து இரண்டு விரல் தள்ளி நிறுத்தினேன். 20 ஹெர்ட்ஸிலிருந்து 20,000 வரை 15 நொடி விசில்.

"அண்ணா, ஃபேனை நிறுத்து, அதுவும் விழுது" என்றான் தம்பி. மே மாத மாடி அறையில் ஃபேன் இல்லாமல் இரண்டு மணி நேரம்! மூன்றாவது பதிவின் நடுவில் கீழே இரும்புக் கேட்டை யாரோ 'டங்' என்று சாத்தினார்கள். கணக்குப் போட்டுப் பார்த்தால் அந்த 'டங்' கோப்புக்குள் மேலிருந்து கீழே சறுக்கும் விசிலாக மாறி உட்கார்ந்திருந்தது. திரும்ப எடுத்தோம்.

மைக்கை ஐந்து இடத்தில் வைத்தோம். கூம்பின் நடுக் குமிழுக்கு நேராக வைத்தால் கண்ணாடிச் சில்லு போலக் கூர்மை. விளிம்புக்குப் போனால் கம்பளி போர்த்திய மாதிரி. குமிழும் கூம்பும் சேரும் இடத்தில் வைத்தபோது தம்பி நிமிர்ந்து பார்த்தான். ஒரு விரல்கடை நகர்த்தினால் வேறு பெட்டி போல ஒலிக்கிறது. கடையில் வாங்கும் நூறு ஐ.ஆர். கற்றுத்தராததை அந்த ஒரு விரல்கடை கற்றுத்தந்தது.

ரூம் ஈக்யூ விஸார்ட் என்ற இலவச மென்பொருளில் கணக்கை முடித்து, முன்னும் பின்னும் வெட்டி, 200 மில்லிசெகண்டில் நிறுத்தினேன். 24 பிட், 48,000 துளி வேகம்: 28 கேபி. ஆவடியில் இருக்கும் நண்பனின் சின்ன பெடல் 1,024 துளிதான் வாங்கும், அதாவது 21 மில்லிசெகண்ட். அவனுக்கு அவ்வளவு வெட்டிக் கொடுத்தேன். அதிலும் பெட்டியின் குரல் இருந்தது. அதன் கோபம் மட்டும் எந்தக் கோப்பிலும் வரவில்லை. முழுச் சத்தத்தில் காகிதம் திணறித் துடிப்பதைக் கத்தரித்த பிறகுதானே கோப்பே பிறக்கிறது!

டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தது. இடம் போதாமல் பெட்டியை மாடிப்படிக்கு அடியில் இறக்கி வைத்திருந்தோம். தண்ணீர் வடிந்த பிறகு பார்த்தால் பிளைவுட் அடுக்கடுக்காக வீங்கிப் பிரிந்திருந்தது. கூம்பு ஊறிய அப்பளம் மாதிரி கையோடு வந்தது. ஆசாரி வந்து தட்டிப் பார்த்தார். "தண்ணி குடிச்ச பிளை திரும்பாது தம்பி" என்றார்.

பெட்டி போனாலும் கோப்பு இருந்தது. 1975-லேயே பிரிட்டனின் ஒலி ஆய்வாளர் மைக்கேல் கெர்சான், புகழ்பெற்ற இசை அரங்குகளின் ஒலியை வருங்காலத்துக்காக இப்படிப் பதிந்து வைக்க வேண்டும் என்று எழுதினார். வெனிஸின் லா ஃபெனிச்சே அரங்கு 1996 ஜனவரியில் எரிந்து போனது. அதற்கு முன்பே அங்கே போய் ஒலியை அளந்து வைத்திருந்தார்கள். அரங்கு சாம்பலான பிறகும் அதன் ஒலி அந்தப் பதிவுகளில் மிஞ்சியது. மண்ணூர்பேட்டைப் பெட்டிக்கும் அதே பாக்கியம் கிடைத்தது.

பாதிதான் கிடைத்தது. ஐந்து இடங்களில் எடுத்ததில் நான்கை அன்றே அழித்துவிட்டேன். பிடித்தது ஒன்று போதும், பெட்டிதான் இருக்கிறதே என்ற நினைப்பு. விளிம்பின் அந்தக் கம்பளிக் குரலை இனி எங்கே போய்க் கேட்பேன்? வீட்டில் பழைய பெட்டி வைத்திருப்பவர்கள், உள்ளூர் ஆசாரி செய்ததாக இருந்தாலும், ஒரு மதியம் ஒதுக்கி எல்லா இடத்திலும் அளந்து வையுங்கள். எதையும் அழிக்காதீர்கள்.

சில இரவுகளில் அந்தக் கோப்பைப் பெரிதாக்கிப் பார்ப்பேன். 'டப்'புக்குப் பின் ஒன்பதாவது மில்லிசெகண்டில் ஒரு சின்ன மேடு. ஒன்றரை மீட்டர் தள்ளி இருக்கும் சுவரில் பட்டுத் திரும்பிய ஒலி அது. ஓசூரில் வேலை பார்க்கும் தம்பி ஹெட்ஃபோனில் வாசிக்கும்போதெல்லாம், ஒவ்வொரு சுரமும் எங்கள் மாடிச் சுவரைத் தொட்டுவிட்டுத்தான் அவன் காதுக்குப் போகிறது.